கரண்ட் வந்ததும் தானாக எழ வேண்டும்: லினக்ஸில் எந்த வழியைப் பிடிப்பது?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ராஸ்பெர்ரி பை என்ற, லினக்ஸ் ஓஎஸ்ஸில் ஓடும் கையளவுக் கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தொட்டி மூடியில் பொருத்திய சென்சாரை அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டு, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். தொட்டி நிறையப் போனால் அம்மாவின் ஃபோனுக்குச் செய்தி போகும். அம்மா மோட்டாரை நிறுத்துவார். பைத்தானில் நூறு வரிகூட வராத ஸ்கிரிப்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எழுதி முடித்தது. ஆனால் மெஷின் பூட் ஆனதும், அதாவது கரண்ட் வந்து ஓஎஸ் எழுந்ததும், அது தானாக எழுந்து ஓட வேண்டும் என்ற அந்த ஒரு விஷயத்துக்கு மூன்று மாதம் போனது. நடுவில் ஒரு நாள் மாடி முழுக்கத் தண்ணீர்.

அந்த போர்டுக்கு யூபிஎஸ் கிடையாது. கரண்ட் போனால் அணையும், வந்தால் எழும். கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கரண்ட் வந்தால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளே இல்லை.

இதற்கு வழி தேடினால் ஆறேழு கிடைக்கும். ஆர்சி.லோக்கல் என்பார்கள், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் ஒரு வரி போடு என்பார்கள், பூட்டில் மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் சிஸ்டம்டிக்கு ஒரு சர்வீஸ் எழுது என்பார்கள், பேஷ்ஆர்சியில் சேர் என்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே "போட்டேன், வேலை செய்தது" என்று நாலு பேர் சாட்சி சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் தடவை எல்லாமே வேலை செய்யும். எழுப்பிவிடுவது எந்த வழிக்கும் பெரிய காரியமில்லை. எழுந்தது பாதியில் விழுந்தால் யார் தூக்கிவிடுவது, எழவே இல்லையென்றால் எங்கே போய்ப் பார்ப்பது, இந்த இரண்டு கேள்வியில்தான் வழிகள் ஒன்றுக்கொன்று பிரிகின்றன. நான் எல்லாவற்றையும் அந்தத் தராசில்தான் வைத்துப் பார்த்தேன்.

முதலில் பேஷ்ஆர்சியை ஓரமாகத் தள்ளிவிடலாம். அது பூட்டுக்கானதே இல்லை. யாராவது ஷெல்லை, அதாவது கமாண்ட் அடிக்கும் ஜன்னலை, திறக்கும்போது ஓடுவது. ஆள் உள்ளே நுழையாவிட்டால் ஸ்கிரிப்டும் எழாது. நுழைந்தால் இன்னொரு தொல்லை: நான் வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக மூன்று ஜன்னல் திறந்தேன் என்றால் மூன்று பிரதி ஓடும், மூன்றும் ஒரே சென்சாரைப் போட்டு இழுக்கும். ஷெல்லில் உட்காரும்போது நமக்கு வேண்டிய ஷார்ட்கட்டுகளை வைத்துக்கொள்ளும் இடம் அது. அவ்வளவுதான்.

ஆர்சி.லோக்கல்: தாத்தா காலத்துத் திண்ணை

பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற பழைய ஓஎஸ் காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. செட்டிங்குகள் இருக்கும் எட்சி ஃபோல்டரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்; பூட்டின் மற்ற வேலைகள் முடிந்தபின் கடைசியாக, எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசரின் பெயரில் ஓடும். இந்த மெஷினுக்கு மட்டும் வேண்டிய சில்லறை வேலைகளை அதில் எழுதிக்கொள்ளலாம். புரிந்துகொள்ள ஒரு நிமிடம், எழுத இன்னொரு நிமிடம். அதன் கவர்ச்சி அதுதான், இன்றும் நிறைய பேர் விடாமல் பிடித்திருப்பதும் அதற்காகத்தான்.

ராஸ்பெர்ரி பையின் பழைய ஓஎஸ்களில் இந்த ஃபைல் தயாராகவே வரும். பூட் ஆகும்போது ஐபி முகவரியைத் திரையில் காட்டும் சில வரிகள் அதில் இருக்கும். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஃபைலின் அடியில் என் வரியைச் சேர்த்தேன், ரீபூட் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் சென்சாரைச் சந்தேகப்பட்டபின் கவனித்தால், ஃபைலின் கடைசி வரி எக்ஸிட் 0. அதற்குக் கீழே எழுதினால் ராமாயணமே எழுதினாலும் ஓடாது. இதைப் படிக்கும் யாராவது ஒருவர் இப்போது தன் ஃபைலைத் திறந்து பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, வரியின் முடிவில் ஆம்பர்சண்ட் (&) குறி போட்டு ஸ்கிரிப்டைப் பின்னணிக்கு அனுப்ப வேண்டும். மறந்தால் ஆர்சி.லோக்கல் முடியவே முடியாது, ஏனென்றால் என் ஸ்கிரிப்ட் முடிவில்லாமல் சுற்றுவது. டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் மெஷின்களில் திரையில் லாகின் கேட்கும் வரி இது முடிந்தபிறகுதான் வரும். ஆகவே திரை அப்படியே நின்றுபோகும். எஸ்எஸ்எச் வழியாக மட்டும் நுழைய முடியும்.

மூன்றாவதுதான் வில்லங்கமானது. டெபியனில் இந்த ஃபைலின் முதல் வரியில் மைனஸ் ஈ என்று ஒரு ஆப்ஷன் உண்டு. இடையில் ஒரு கமாண்ட் தோற்றால் அங்கேயே நிறுத்து, மீதியை ஓட்டாதே என்று அர்த்தம். என் வரிக்கு மேலே, திரைக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ-யை அணைக்கும் ஒரு கமாண்ட் வைத்திருந்தேன், கொஞ்சம் மின்சாரம் மிச்சமாகட்டும் என்று. ஓஎஸ்ஸைப் புதுப்பித்தபோது அந்தக் கமாண்ட் வேலை செய்யாமல் போனது. அதோடு தொட்டி ஸ்கிரிப்டும் போனது. எச்டிஎம்ஐக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகளை ஒரே கயிற்றில் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

இப்போது பெரும்பாலான லினக்ஸில் ஆர்சி.லோக்கல் தனியாக நிற்பதும் இல்லை. சிஸ்டம்டிதான் பூட்டின்போது அந்த ஃபைல் இருக்கிறதா, ஓட்டும் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு சர்வீஸாகச் சுற்றி ஓட்டுகிறது. 2017-இல் வந்த டெபியன் 9-இலிருந்து அந்த ஃபைல் தானாக வருவதில்லை. நாமே உருவாக்கி, ஓட்டும் அனுமதியும் கொடுக்க வேண்டும். அனுமதி கொடுக்க மறந்தால் ஒரு எச்சரிக்கையும் கண்ணில் படாது, சும்மா கடந்துபோய்விடும். சிஸ்டம்டி எழுதுபவர்கள் இந்தப் பழைய ஏற்பாடுகளையெல்லாம் படிப்படியாகக் கழற்றும் திசையில்தான் போகிறார்கள். ஏற்கெனவே ஓடுகிற பழைய சர்வரில் இருந்தால் இருக்கட்டும், கை வைக்க வேண்டாம். புதிதாக எழுத அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரவுட்டர்களில் ஓடும் ஓபன்டபிள்யூஆர்டியில் ஆர்சி.லோக்கல் இன்னும் முறையான இடம். ஆல்பைன் லினக்ஸில் சிஸ்டம்டிக்குப் பதில் ஓபன்ஆர்சி இருக்கிறது. அங்கே எட்சிக்குள் லோக்கல்.டி என்ற ஃபோல்டரில், பெயர் ஸ்டார்ட் என்று முடியும் ஸ்கிரிப்டைப் போட்டு, லோக்கல் சர்வீஸைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. சிஸ்டம்டி இல்லாத ஊரில் அந்த ஊர் வழக்கப்படி போவதுதான் சரி.

ஒரு சின்ன விலகல். மற்றவர்களின் ஆர்சி.லோக்கல் ஃபைல்களைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் அங்கே இருக்கவே தேவையில்லாத வரிகள்தான். ஓஎஸ்ஸின் மையமான கர்னலின் அளவுரு ஒன்றை மாற்ற வேண்டுமா, சிஸ்கண்ட்ரோல்.டி ஃபோல்டர் இருக்கிறது. கர்னலுக்கு ஒரு மாட்யூலை (டிரைவர் மாதிரி) ஏற்ற வேண்டுமா, மாட்யூல்ஸ்-லோட்.டி இருக்கிறது. டிஸ்க்கை மவுன்ட் செய்ய, அதாவது ஒரு ஃபோல்டராக இணைக்க, எஃப்எஸ்டேப் ஃபைல் இருக்கிறது. யூஎஸ்பி டிஸ்க் என்றால் அதில் நோஃபெயில் என்று சேர்க்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் டிஸ்க்கைப் பிடுங்கிய நாளில் மெஷின் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். "பூட்டில் இதை எப்படி ஓட்டுவது" என்று கேட்பதற்கு முன்னால், அந்த வேலைக்கென்று ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பல சமயம் கேள்வியே காணாமல் போய்விடும்.

க்ரானின் ரீபூட் வரி

ஆர்சி.லோக்கலில் சூடுபட்டபின் க்ரானுக்குப் போனேன். க்ரானின் வேலைப் பட்டியலான க்ரான்டேபைத் திறந்து, நேரம் எழுதும் ஐந்து கட்டங்களுக்குப் பதிலாக @ரீபூட் என்று எழுதி, பக்கத்தில் கமாண்டைக் கொடுத்தால் போதும். 1987-இல் பால் விக்ஸி வெளியிட்ட க்ரானின் வழிவந்தவைதான் இன்று பெரும்பாலான மெஷின்களில் இருக்கின்றன. இதன் பெரிய வசதி, ரூட் அனுமதி வேண்டாம். பலர் பகிரும் சர்வரில் நமக்கு ஒரு யூசர் கணக்கு மட்டும் இருந்தாலும் இதைச் செய்துகொள்ளலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் மட்டம் தட்ட மாட்டேன்.

ஆனால் க்ரான் நம்மை அறிந்த ஆள் இல்லை. நாம் டெர்மினலில் உட்கார்ந்து ஓட்டும்போது நம் பாத் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்), நம் விர்ச்சுவல் என்விரான்மென்ட், நம் வேரியபிள்கள் எல்லாம் சுற்றி நிற்கும். க்ரானுக்கு அவை எதுவும் தெரியாது. மிகச் சுருக்கமான ஒரு பாத்தை வைத்துக்கொண்டு சாதாரண ஷெல்லில் ஓட்டும். "கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை" என்ற புலம்பலில் பத்துக்கு ஒன்பது இதுதான். பைத்தானுக்கும் ஸ்கிரிப்டுக்கும் முழுப் பாதையை எழுதினால் தீரும். கமாண்டில் சதவீதக் குறி வந்தால் அதைப் புதிய வரி என்று க்ரான் எடுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு பொறி. ஃபைல் பெயரில் தேதி சேர்க்க டேட் கமாண்டைப் போடுபவர்கள் எல்லோரும் ஒரு தடவை அதில் விழுந்திருப்பார்கள்.

பிழை வந்தால் எங்கே பார்ப்பது? க்ரான் தன் வழக்கப்படி அதை மெயிலாக அனுப்பும். வீட்டு மெஷினில் மெயில் சர்வர் ஏது? டெபியனில் "எம்டிஏ (மெயில் அனுப்பும் மென்பொருள்) இல்லை, வெளியீட்டைத் தூக்கிப் போடுகிறேன்" என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு உண்மையிலேயே தூக்கிப் போட்டுவிடும். நமக்கு வேண்டிய பிழைச் செய்தி அதோடு போச்சு. வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட வேண்டியது நம் பொறுப்பு.

எனக்கு க்ரான் ஒத்துவராமல் போனது வேறொரு காரணத்தால். க்ரான் எழுந்ததும் @ரீபூட் வரியை ஓட்டும். அப்போது நெட்வொர்க் வந்துவிட்டதா என்று கேட்காது. என் ஸ்கிரிப்ட் எழுந்ததும் முதல் வேலையாக, செய்தி அனுப்பும் சர்வரைத் தொடும். வைஃபை இல்லையென்றால் பிழை, ஸ்கிரிப்ட் செத்தது. எல்லோரும் சொல்லும் வைத்தியம் முன்னால் ஸ்லீப் 60 போடுவது. நானும் போட்டேன். ஸ்லீப் என்பது ஜோசியம் மாதிரி. பலிக்கும் வரை நம்பலாம். மோடம் அறுபது வினாடியில் எழுந்த நாளில் எல்லாம் நன்றாக இருந்தது. எழாத நாளில் ஸ்கிரிப்ட் செத்தது, செத்ததை மறுபடி எழுப்புவது க்ரானின் வேலையே இல்லை. ஒரு தடவை ஓட்டிவிட்டால் அதன் கடமை முடிந்தது.

பூட் ஆனதும் ஒரே ஒரு தடவை செய்துவிட்டு முடிகிற வேலைகளுக்கு, "மெஷின் எழுந்துவிட்டது" என்று ஒரு ஃபைலில் குறித்துவைப்பது, தற்காலிக ஃபோல்டரைச் சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு, இது தாராளமாகப் போதும். நாள் முழுக்க ஓட வேண்டியதற்கு க்ரான் வேண்டாம்.

சிஸ்டம்டி: நல்லது, ஆனால் சொன்னதை மட்டுமே செய்யும்

2010-இல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய இந்த ஏற்பாட்டைச் சுற்றி நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. 2011-இல் ஃபெடோரா 15 முதலில் எடுத்துக்கொண்டது. 2014-இல் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2015 ஏப்ரலில் டெபியன் 8-உம் உபுன்டு 15.04-உம் வந்தன. ஒத்துக்கொள்ளாதவர்கள் டெபியனிலிருந்து பிரிந்து டெவுவான் என்று தனிக்குடித்தனமே போனார்கள். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறது என்ற அவர்கள் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொட்டிக்காரனுக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. என் மெஷினில் அது ஏற்கெனவே முதல் ப்ராசஸாக உட்கார்ந்திருக்கிறது. நான் பயன்படுத்தாவிட்டாலும் அங்கேதான் இருக்கப்போகிறது.

எட்சிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரில் தொட்டி.சர்வீஸ் என்று ஒரு யூனிட் ஃபைல் எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வரிதான், மூன்று பகுதி. யூனிட் பகுதியில் விளக்கமும், எதற்குப் பிறகு எழ வேண்டும் என்பதும். சர்வீஸ் பகுதியில் எக்ஸெக்ஸ்டார்ட் என்ற வரியில் எதை ஓட்டுவது, யூசர் வரியில் யார் பெயரில், வொர்க்கிங்டைரக்டரியில் எந்த ஃபோல்டரிலிருந்து. இன்ஸ்டால் பகுதியில் மல்டி-யூசர் டார்கெட்டோடு (பூட்டில் மெஷின் வழக்கமான வேலைக்குத் தயாராகும் கட்டம்) சேர்ந்து எழு என்று ஒரே வரி. ரூட் பெயரில் ஓட்டவில்லை என்பது எனக்கு நிம்மதி. சென்சாரைப் படிக்க ரூட் எதற்கு?

எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஷெல் இல்லை என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் பைப் குறி போட்டால், ஃபைலுக்குத் திருப்பும் குறி போட்டால், அவை அப்படியே ஸ்கிரிப்டுக்கு ஆர்குமென்டாகப் போய்ச் சேரும். வேண்டுமென்றால் ஷெல்லை நாமே கூப்பிட்டு அதற்குள் கொடுக்க வேண்டும். ஆனால் ஃபைலுக்குத் திருப்பும் தேவையே இல்லை. ஸ்கிரிப்ட் பிரிண்ட் செய்வதெல்லாம் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் தானாகச் சேரும், ஜர்னல்சிடிஎல் கமாண்டிடம் சர்வீஸ் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த சர்வீஸின் வரிகளை மட்டும் காட்டும். க்ரான் தூக்கிப் போட்ட குப்பையை இது பத்திரமாக எடுத்துவைக்கிறது. பைத்தான்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பைத்தான் தன் வெளியீட்டைப் பஃபரில் சேர்த்துவைத்துக்கொள்ளும், அதனால் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டே இருக்கும், ஜர்னலில் ஒன்றுமே வராது. பைத்தானுக்கு மைனஸ் யூ ஆப்ஷன் கொடுத்தால் உடனுக்குடன் வரும். இதற்கு எனக்கு ஒரு இரவு போனது.

அப்புறம் எல்லோரும் குழம்பும் இடம், ஸ்டார்ட்டும் எனேபிளும். ஸ்டார்ட் என்றால் இப்போது ஓட்டு. எனேபிள் என்றால் அடுத்த பூட்டிலிருந்து ஓட்டு. அது செய்வதெல்லாம் மல்டி-யூசர் டார்கெட்டின் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க் (நம் ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போடுவதுதான். ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு "அருமையாக ஓடுகிறது" என்று எழுந்து போனால் அடுத்த பவர்கட்டோடு கதை முடிந்தது. யூனிட் ஃபைலைத் திருத்தினால் டீமன்-ரீலோடும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பழையதே ஓடும்.

மாடியில் தண்ணீர் நின்றது சிஸ்டம்டிக்கு மாறியபிறகுதான்.

ரீஸ்டார்ட் என்ற வரியில் ஆல்வேஸ் என்று எழுதியிருந்தேன். செத்தால் மறுபடி எழுப்பு, எப்போதும். இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தேன். ஒரு விடியற்காலை கரண்ட் போய் வந்தது. பை அரை நிமிடத்தில் எழுந்துவிட்டது. ஃபைபர் மோடம் எழுந்து லைன் பிடிக்க சில நாள் மூன்று நிமிடம்கூட எடுக்கும். ஸ்கிரிப்ட் ஓடி, சர்வரைத் தொட முடியாமல், ஒன்றரை வினாடியில் செத்தது. சிஸ்டம்டி எழுப்பியது. மறுபடி செத்தது. அது மறுபடி எழுப்புவதற்கு முன் காத்திருக்கும் நேரம், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. பத்து வினாடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால் இது தேறாது என்று கைவிட்டுவிடுவதும் அதன் இயல்பான கணக்கு. ஆக, மோடம் கண்ணைத் திறப்பதற்கு முன்பே என் ஸ்கிரிப்ட் ஐந்து தடவை செத்து, "அடுத்தடுத்து மிக வேகமாகக் கேட்கப்பட்டது" என்று ஜர்னலில் ஒரு வரியோடு மூட்டை கட்டிவிட்டது. அம்மா கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, ஃபோன் சொல்லும் என்று காபி போடப் போய்விட்டார். ஃபோன் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார்.

தீர்வு ஒரே வரி: ரீஸ்டார்ட்செக்கில் 10. பத்து வினாடி விட்டு எழுப்பினால் பத்து வினாடிக்குள் ஐந்து தடவை என்ற எல்லையை எட்டவே முடியாது, ஆகவே ஓயாமல் முயன்றுகொண்டே இருக்கும்.

"நெட்வொர்க் வந்தபிறகு எழு என்று சொன்னால் முடிந்ததே" என்று கேட்கலாம். அதையும் செய்துபார்த்தேன். நெட்வொர்க் டார்கெட் என்று ஒன்று இருக்கிறது, அது நெட்வொர்க் தயார் என்று சொல்வதில்லை, நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் எழுந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறது. நமக்கு வேண்டியது நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட். அதை ஆஃப்டர் வரியில் மட்டும் எழுதினால் போதாது, வான்ட்ஸ் வரியிலும் எழுத வேண்டும். ஆஃப்டர் என்பது வரிசை மட்டும். அவர் வந்தால் அவருக்குப் பின்னால் நான் என்கிற மாதிரி. அவரை யாரும் அழைக்காவிட்டால் அவர் வரமாட்டார், நீங்களும் காத்திருக்க மாட்டீர்கள். வான்ட்ஸ்தான் அழைப்பிதழ்.

இரண்டையும் எழுதினாலும் முழு உத்தரவாதம் இல்லை. ஆன்லைன் என்று அது நினைப்பது ஐபி முகவரி கிடைத்துவிட்டதைத்தான். மோடம் வைஃபையை முதலில் கொடுத்துவிடும், ஃபைபர் லைன் பிடிப்பது அப்புறம். இடைப்பட்ட நேரத்தில் முகவரி இருக்கும், இணையம் இருக்காது. வைஃபையே வரவில்லையென்றால் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, வான்ட்ஸ் என்பது கட்டாயமில்லை என்பதால், சர்வீஸை எழுப்பிவிடும். ஆகவே காத்திருக்கச் சொல்வதைவிட விழுந்தால் எழுப்பச் சொல்வதுதான் எனக்குக் கைகொடுத்தது. பிறகு ஸ்கிரிப்டையும் திருத்தினேன், இணையம் இல்லையென்றால் சாகாமல் அளவெடுத்துக்கொண்டே இருந்து, வந்ததும் செய்தி அனுப்பும்படி. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், தெரியும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஸ்பெர்ரி பை 4 வரை போர்டில் கடிகாரச் சிப் கிடையாது. கரண்ட் போனால் நேரமும் போச்சு. எழும்போது கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்திலிருந்து தொடங்கும், இணையம் வந்தபின் சரியான நேரத்துக்கு ஒரே தாவாகத் தாவும். இரவு இரண்டு மணிக்குப் போன கரண்ட் நாலு மணிக்கு வந்தால், முதல் சில நிமிடங்களின் அளவுகள் இரண்டு மணி என்றே பதிவாகும். நேரம் சரியாகும் வரை சர்வீஸை எழுப்பாதே என்று சொல்ல டைம்-சிங்க் டார்கெட் இருக்கிறது, கூடவே அதற்காகக் காத்திருக்கும் ஒரு சர்வீஸையும் எனேபிள் செய்ய வேண்டும். அதைப் போட்டால், இணையமே வராத நாளில் என் ஸ்கிரிப்ட் எழவே எழாது. தண்ணீர் அளவு பார்க்க மணி எதற்கு? அதனால் வேண்டாமென்று விட்டுவிட்டேன். பில் போடும் மெஷின் என்றால் நேரெதிராக முடிவு செய்திருப்பேன்.

சிஸ்டம்டியால் தானாகத் தீராத ஒன்றும் உண்டு. ஸ்கிரிப்ட் சாகாமல் உறைந்து நின்றால், ப்ராசஸ் உயிரோடு இருப்பதால் எல்லாம் சரி என்றே அது நினைக்கும். வாட்ச்டாக்செக் என்ற வரியைப் போட்டு, ஸ்கிரிப்ட் இடையிடையே "இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும்படி செய்தால் அதையும் பிடிக்கலாம். அதற்கு ஸ்கிரிப்டிலும் கை வைக்க வேண்டும். நான் இன்னும் செய்யவில்லை.

மற்றவர்கள்

ரூட் இல்லாமல் சிஸ்டம்டியின் வசதிகள் வேண்டுமென்றால் யூசர் சர்வீஸ் இருக்கிறது. நம் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே யூனிட் ஃபைல் எழுதலாம், ரீஸ்டார்ட்டும் ஜர்னலும் அப்படியே கிடைக்கும். ஆனால் இயல்பாக அது நாம் லாகின் செய்யும்போதுதான் எழும், கடைசியாக வெளியேறும்போது படுத்துவிடும். லாகின்சிடிஎல்லில் லிங்கரை எனேபிள் செய்தால்தான் பூட்டிலேயே எழும். இந்த ஒரு வரியைச் செய்யாமல் "யூசர் சர்வீஸ் நம்ப முடியாதது" என்று எழுதுபவர்கள் ஏராளம். லிங்கர் கிடைக்கும் இடத்தில் க்ரானைவிட இதுதான் மேல்.

திரையில் ஏதாவது காட்ட வேண்டுமென்றால் கதை வேறு. கடையில் விலைப்பட்டியல் காட்டும் டிவிக்குப் பின்னால் ஒரு மெஷின், அதில் பிரவுசர் முழுத்திரையில் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை சிஸ்டம் சர்வீஸாக எழுதினால் எந்தத் திரையில் காட்டுவது என்றே அதற்குத் தெரியாமல் சாகும். அங்கே ஆட்டோ-லாகின் போட்டு, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரில் ஒரு டெஸ்க்டாப் ஃபைல் வைப்பதே ராஜபாட்டை. நோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்கள் எல்லாமே அந்த ஃபோல்டரைப் பார்க்கும்.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் டாக்கரில் ஓடுவதென்றால், கன்டெய்னரின் ரீஸ்டார்ட் பாலிசியில் அன்லெஸ்-ஸ்டாப்ட் என்று கொடுத்துவிட்டு, டாக்கரையே எனேபிள் செய்திருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அதே கன்டெய்னருக்கு ஒரு சிஸ்டம்டி சர்வீஸும் எழுதுவது, ஒரே மாட்டுக்கு இரண்டு பேர் கயிறு பிடிப்பது போல. பூட் ஆகி ஐந்து நிமிடம் கழித்து ஓட வேண்டிய பேக்கப் மாதிரி வேலைக்கு சிஸ்டம்டியின் டைமர் யூனிட், அதில் ஆன்பூட்செக் என்ற வரி. க்ரானில் ஸ்லீப் 300 எழுதுவதைவிடக் கண்ணியமான வழி.

இவ்வளவையும் வைத்து இப்போது யாராவது என்னைக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இவைதான். இதற்கென்று தனி இடம் ஏற்கெனவே இருக்கிறதா? திரை வேண்டுமா? ஒரு தடவை ஓடி முடிவதா, ஓடிக்கொண்டே இருப்பதா? ஓடிக்கொண்டே இருப்பது என்றால் சிஸ்டம்டி சர்வீஸ், பேச்சே இல்லை. ஒரு தடவை என்றால், ரூட் இருந்தால் அதிலேயே ஒன்ஷாட் வகை, இல்லையென்றால் க்ரான்.

சோதனை செய்யும் விதத்தில்தான் நான் கடைசியாக ஏமாந்தேன். சிஸ்டம்டியில் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரீபூட் கமாண்ட் கொடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் தொட்டி சர்வீஸ் பச்சையாக எழுந்தது. எழாமல் என்ன செய்யும்? நான் ரீபூட் செய்தது பையை மட்டும்தானே, மோடம் கீழே சுடச்சுட ஓடிக்கொண்டிருந்தது. பவர்கட்டில் இரண்டும் சேர்ந்து விழும், ஒன்று மற்றதுக்கு முன்னால் எழும். அது எனக்கு மாடி நனைந்தபிறகுதான் உறைத்தது.

ஸ்கிரிப்டைத் திருத்துவதற்கு முன், ரீஸ்டார்ட்செக்கை மட்டும் மாற்றிய அன்று, வீட்டு மெயின் ஸ்விட்ச்சையே இறக்கினேன். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பார்வை மட்டும் பார்த்தார். இரண்டு நிமிடம் கழித்து ஏற்றினேன். பிறகு ஜர்னலைத் திறந்தால் அந்த பூட்டில் தொட்டி சர்வீஸ் பதினைந்து தடவை விழுந்திருந்தது, பதினாறாவது தடவை நின்றிருந்தது. அம்மாவின் ஃபோன் அதற்குள் ஒரு தடவை சிணுங்கியிருந்தது: தொட்டி 62 சதவீதம்.